சுவரே தூணாக நிற்கும் வீடு: பழைய செங்கல் பண்ணை வீட்டைப் பார்ப்பது எப்படி?

இன்று நம் ஊரில் எழும்பும் பெரும்பாலான வீடுகளில் செங்கல்லுக்கு அப்படியொன்றும் பெரிய பொறுப்பு கிடையாது. கான்கிரீட் தூணும் பீமும் பாரத்தைச் சுமக்கும். நடுவில் இருக்கும் இடத்தை அடைக்கச் செங்கல், அதன் மேல் பூச்சு, அதன் மேல் பெயின்ட். எந்தக் கல் எப்படி வைக்கப்பட்டது என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. தெரிந்து அவருக்கு ஆகப்போவதும் எதுவுமில்லை.

அமெரிக்காவில் 1700-களில் கட்டிய ஒரு செங்கல் பண்ணை வீட்டில் கதையே வேறு. கான்கிரீட் தூண் இல்லை, கான்கிரீட் பீம் இல்லை, அதற்குள் போடும் கம்பியும் இல்லை. மாடி, பரண், கூரை, கூரை மேல் விழும் பனி என்று எல்லாவற்றையும் சுவரே சுமந்து தரையில் இறக்குகிறது. பூச்சும் கிடையாது என்பதால் கொத்தனார் எடுத்த ஒவ்வொரு முடிவும் வெளியே தெரிகிறது. சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், சுவர் ஏன் அத்தனை தடிமன், ஜன்னல் ஏன் அத்தனை ஒடுக்கம், குளிர்காயவும் சமைக்கவும் தீ மூட்டும் கணப்பு ஏன் வீட்டின் கோடியில் இருக்கிறது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

உதாரணத்துக்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் சேலம் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். நம்ம சேலம் அல்ல. மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், டெலவேர் ஆறு விரிந்து கடலோடு சேரப் போகும் இடத்தில் இருக்கிற சேலம். 1675-ல் ஜான் ஃபென்விக் என்ற குவேக்கர், இங்கிலாந்திலிருந்து கிரிஃபின் என்ற கப்பலில் ஆட்களோடு வந்து இறங்கி உருவாக்கிய குடியிருப்பு அது. குவேக்கர்கள் பாதிரியாரும் படாடோபமும் வேண்டாம் என்று ஒதுங்கிய கிறிஸ்தவப் பிரிவினர். உடையில் எளிமை, பேச்சில் எளிமை, கல்லறையில்கூட எளிமை. அப்படிப்பட்டவர்கள் வயலுக்கு நடுவே கட்டிய வீடுகளின் சுவர்களில் மட்டும் சிவப்பும் கருநீலமுமாகக் கோலாகலமான வேலைப்பாடு இருக்கிறது. வேலைப்பாட்டுச் செங்கல் வீடுகள் அமெரிக்காவிலேயே அதிகம் குவிந்திருக்கும் பகுதி இதுதான்.

இரண்டு வீடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எல்சின்பரோ என்ற இடத்தில் 1722-ல் கட்டப்பட்ட ஏபெல், மேரி நிக்கல்சன் தம்பதியின் வீடு. ஏபெலின் அப்பா சாமுவேல், ஃபென்விக்கோடு வந்தவர். இன்னொன்று, ஹான்காக்ஸ் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1734-ல் வில்லியம், சாரா ஹான்காக் தம்பதி கட்டிய வீடு. அதே மாநிலத்தில் எடிசன் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிற தமிழர்கள் காரை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். சோள வயலும் சதுப்பு நிலமும் தாண்டி, தூரத்தில் அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த வட்டாரத்தில்தான் இந்த வீடுகள்.

மண் இருந்த இடத்தில் செங்கல்

ஏன் செங்கல்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் பழைய பண்ணை வீடுகள் பல கருங்கல்லில் நிற்கின்றன. அங்கே தோண்டினால் பாறை. தெற்கு நியூ ஜெர்சியோ கடலோரச் சமவெளி. மணலும் களிமண்ணும்தான் கிடைக்கும். மரம் வேண்டிய மட்டும் இருந்தது. வசதி இல்லாதவர்கள் மரத்தில் கட்டிக்கொண்டார்கள், வசதி வந்தவர்கள் களிமண்ணைச் சுட்டார்கள். பண்ணை வீட்டில் செங்கல் என்பதே அந்தக் காலத்தில் ஓர் அறிவிப்புதான்: இந்தக் குடும்பம் இங்கே வேரூன்றிவிட்டது.

அமெரிக்காவில் பழைய செங்கல் வீடு எதைக் காட்டினாலும் "இந்தக் கல்லெல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது" என்று யாராவது ஒருவர் பெருமையாகச் சொல்வார். பெரும்பாலும் அது கதை. காலடியில் களிமண்ணும் சுற்றிலும் விறகும் இருக்கும்போது, கனமான, மலிவான சரக்கைக் கடல் தாண்டிக் கொண்டுவர யாருக்கும் அவசியம் இல்லை. கல்லை வீட்டுக்குப் பக்கத்திலேயே அறுத்து, அங்கேயே சூளை போட்டார்கள்.

செய்முறை நமக்குப் புதிதல்ல. இலையுதிர்காலத்தில் மண்ணை வெட்டிக் குவித்து, குளிர்காலம் முழுக்க உறைந்து உருகிப் பொடிய விடுவார்கள். வெயில் வந்ததும் தண்ணீர் விட்டு மிதித்துப் பதப்படுத்தி, மணல் தூவிய மர அச்சில் அடித்துக் காய வைப்பார்கள். நன்றாகக் காய்ந்த பின் சூளை. பச்சைக் கல்லையே அடுக்கி, அடியில் சுரங்கம் போல வழி விட்டு, அதில் நாள் கணக்கில் விறகெரிப்பார்கள்.

இந்தச் சூளையில்தான் விஷயம் இருக்கிறது. வெப்பம் எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது. ஓரத்தில் இருக்கும் கல் சரியாக வேகாமல் வெளிர்ச் சிவப்பாக, மெத்தென்று இருக்கும். நடுவில் இருப்பது நல்ல சிவப்பு. நெருப்பு வழியை ஒட்டி இருக்கும் கல்லோ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாண்டி வாங்கும். விறகுப் புகையிலும் சாம்பலிலும் இருக்கும் பொட்டாஷ், கல்லில் உள்ள மணற்சத்தோடு சேர்ந்து உருகி, தீயைப் பார்த்த முகத்தில் கண்ணாடிப் பூச்சாக இறுகிவிடும். நிறம் கருநீலம், சில சமயம் சாம்பல் கலந்த பச்சை. தொட்டால் வழுவழுப்பு, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தக் கற்கள் மட்டும் மினுங்கும்.

ஒரே சூளையிலிருந்து மூன்று தரம். அந்தக் காலத்துக் கொத்தனார் எதையும் தூக்கிப் போடவில்லை. வேகாத கல் மழை படாத உள்பக்கச் சுவருக்கு. நல்ல கல் வெளிமுகத்துக்கு. உருகிக் கருத்த கல்லைத் தனியாகப் பொறுக்கி எடுத்து அலங்காரத்துக்கு. சாயமோ பெயின்டோ எதுவும் இல்லை, அந்தக் கருநீலம் முழுக்க முழுக்க நெருப்பு தந்தது.

ஒரு கல், இரண்டு முகம்

அந்தக் காலத்துச் செங்கல் சுமார் 9 இஞ்ச் நீளம், 4 இஞ்சும் சொச்சமும் அகலம், இரண்டேகால் இஞ்ச் உயரம். ஏன் இந்த அளவு? ஒரு கையில் கல்லை எடுக்க வேண்டும், இன்னொரு கையில் கரணை இருக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கணக்கு. இரண்டு கல்லின் அகலத்தோடு நடுவில் உள்ள சாந்தைச் சேர்த்தால் ஒரு கல்லின் நீளம் வர வேண்டும். இந்த விகிதம் சரியாக இருந்தால்தான் கல்லை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மாற்றி மாற்றி வைக்க முடியும்.

மாற்றி வைப்பது எதற்கு? நீளவாக்கில் மட்டும் கல்லை அடுக்கிக்கொண்டே போனால் நாலரை இஞ்ச் கனத்தில் ஒரு மெல்லிய தட்டுதான் கிடைக்கும். அதன் பின்னால் இன்னொரு தட்டு கட்டினாலும் இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கும். பாரம் ஏறினால் ஒன்றை விட்டு ஒன்று விலகும். நடுநடுவே ஒரு கல்லைக் குறுக்கே போட்டால், அது முன் தட்டையும் பின் தட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறுக்குக் கல்லின் சிறிய முகம் மட்டுமே வெளியே தெரியும். ஆக, ஒரு பழைய சுவரைப் பார்க்கும்போது நீள முகம், சிறு முகம் என்று இரண்டு மாறி மாறி வந்தால், அந்தச் சுவர் உள்ளே வரைக்கும் செங்கல்தான் என்று அர்த்தம்.

அடுக்கும் முறைகள் பல. ஒரு வரி முழுக்க நீள முகம், அடுத்த வரி முழுக்கச் சிறு முகம் என்று வந்தால் இங்கிலீஷ் பாண்ட். நம் ஊர்க் கொத்தனார்கள் 9 இஞ்ச் சுவருக்கு வழக்கமாகப் போடுவதும் இதுதான். ஒரே வரியில் நீளம், சிறுசு, நீளம், சிறுசு என்று மாறி வந்து, அடுத்த வரியில் சிறுசு கீழே இருக்கும் நீளக் கல்லின் நட்ட நடுவே உட்கார்ந்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். பார்க்க இது அழகு. ஆனால் கொத்தனாரைப் பாடாய்ப் படுத்தும். ஒவ்வொரு வரியிலும் கணக்குத் தப்பாமல் வர வேண்டும்; மூலையில் கல்லை நீளவாக்கில் பிளந்து ஒரு துண்டு வைத்தால்தான் வரி நேராக முடியும். மூன்றாவது முறை அமெரிக்காவில் பின்னாளில் பரவியது: ஐந்தாறு வரி நீளக் கல்லாகவே போட்டுவிட்டு, அப்புறம் ஒரு வரி குறுக்குக் கல். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு.

இந்த மூன்றையும் அடையாளம் காணத் தெரிந்தால் வீட்டுக்காரரின் பர்ஸைப் பற்றியே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். சாலையைப் பார்த்த சுவரில் ஃப்ளெமிஷ் பாண்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். பல வீடுகளில் அங்கே மலிவு முறைதான் இருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் ஃப்ளெமிஷ் பாண்ட் எதற்கு?

சுவரில் எழுதிய பெயர்

ஃப்ளெமிஷ் பாண்டில் சிறு முகங்கள் சீரான இடைவெளியில் வருகின்றன அல்லவா? அந்த இடங்களில் எல்லாம் கருநீலக் கல்லை வைத்தால் சுவர் சதுரங்கக் கட்டம் மாதிரி ஆகிவிடும். இது முதல் படி. அடுத்த படியில் கொத்தனார் இன்னும் துணிகிறார். ஒவ்வொரு வரியிலும் கருநீலக் கல்லைக் கால் கல் அளவுக்குத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனால் சாய்கோடு வரும். சில வரி கழித்துத் திசையைத் திருப்பினால் நெளிகோடு. இரண்டு நெளிகோடு எதிரெதிரே சந்தித்தால் வைரக் கட்டம். பட்டுச் சேலையில் தாழம்பூ ரேக்கு விழுவது மாதிரிதான் இதுவும்: ஒவ்வொரு வரியாக மேலேறும், ஒரு வரி தப்பினால் முழுதும் தப்பு. ஒரு வித்தியாசம், இங்கே கட்டி முடித்த வரியைப் பிரித்துத் திரும்பப் போட முடியாது.

ஹான்காக் வீட்டின் பக்கச் சுவரில் இந்த நெளிகோடுகள் மேலிருந்து கீழாக வரிசையாக இறங்குகின்றன. அதற்கு மேலே, கூரையின் இரு சரிவும் கூடும் முக்கோணப் பகுதியில், அதே கருநீலக் கல்லால் மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் ஆண்டும்: டபிள்யூ, ஹெச், எஸ், 1734. நடுவில் இருக்கும் ஹெச் குடும்பப் பெயர் ஹான்காக். ஒரு பக்கம் வில்லியம், மறுபக்கம் சாரா. இந்த வட்டாரத்தின் வேலைப்பாட்டு வீடுகளில் இது வழக்கம். கணவன் பெயரின் முதலெழுத்து, மனைவி பெயரின் முதலெழுத்து, இருவருக்கும் பொதுவான குடும்ப எழுத்து, கட்டிய வருடம்.

எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும். பத்திரத்தில் அவள் பெயருக்குப் பெரிய இடம் இல்லை. ஆனால் வீட்டின் நெற்றியில், ஆற்றிலோ சாலையிலோ வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி, அவள் எழுத்து கணவனின் எழுத்துக்குச் சமமான அளவில் நிற்கிறது. எளிமையை வலியுறுத்தியவர்கள் இவ்வளவு பகட்டாக ஏன் கட்டினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அவர்கள் விட்டு வந்த ஊர்களில் இந்தக் கருநீலச் செங்கல் வேலைப்பாடு டியூடர் மன்னர்கள் ஆண்ட 1500-களிலிருந்தே இருந்தது, அதை இங்கே தொடர்ந்தார்கள் என்பது பதிலின் ஒரு பாதி. மறுபாதி, புது நிலத்தில் ஒரு தம்பதி தங்களை ஊன்றிக்கொண்டதன் பதிவு இது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பகட்டும் அதில் இருக்கட்டுமே, என்ன இப்போது.

அந்த வீட்டுக்கு ஒரு ரத்தக் கதையும் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778 மார்ச் 21 விடியற்காலையில், மேஜர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ தலைமையில் வந்த பிரிட்டிஷ் ஆதரவுப் படை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த உள்ளூர் வீரர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றது. கட்டியவரின் மகன், அவர் பெயரும் வில்லியம், நீதிபதியாக இருந்தவர், அவரும் செத்தார். டொராண்டோ தமிழர்களுக்குச் சிம்கோ தெருவும் ஆகஸ்டில் வரும் சிம்கோ நாள் விடுமுறையும் தெரிந்திருக்கும். அதே சிம்கோதான், பின்னாளில் அப்பர் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) முதல் லெப்டினன்ட் கவர்னர். 1931-ல் மாநில அரசு அந்த வீட்டை வாங்கி வரலாற்றுச் சின்னமாக வைத்துக்கொண்டது.

ஓட்டை போட்டால் பலவீனம்

சரி, சுவர் பாரம் சுமக்கிறது என்றோம். அப்படியென்றால் அதில் போடும் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு பலவீனம். ஜன்னலுக்கு மேலே இருக்கும் கல்லை யார் தாங்குவது? இன்று கான்கிரீட் லிண்டல் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அன்று வளைவு கட்டினார்கள். ஆப்பு மாதிரிச் சீவிய கற்களைச் சாய்வாக அடுக்கினால், மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் அதன் பக்கத்துக் கல்லோடு நெருக்கி, இரு பக்கச் சுவருக்கும் போய்விடும். அரைவட்டமாக வளைய வேண்டும் என்பதுகூட இல்லை. அடிப்பக்கம் தட்டையாகத் தெரியும் வளைவும் உண்டு, முகப்பு ஜன்னல்களுக்கு அதைத்தான் விரும்பினார்கள். சுவரின் உள்பக்கத்தில் பார்வைக்குப் படாமல் ஒரு மரச்சட்டமும் துணைக்கு இருக்கும்.

எப்படிக் கட்டினாலும் வளைவு நீளமாகப் போனால் ஆபத்து. அதனால்தான் ஜன்னல்கள் ஒடுக்கமாக, உயரமாக இருக்கின்றன. மாடி ஜன்னல் கீழ் ஜன்னலுக்கு நேர் மேலேயே இருப்பதற்கும் இதுதான் காரணம். நடுவில் இருக்கும் சுவர்ப்பட்டை கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை முறியாமல் இறங்க வேண்டும். முகப்பின் அந்த ஒழுங்கை அழகு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது, பாதி அழகு, பாதி கட்டாயம்.

தடிமனுக்கு வருவோம். சுவரின் கனம் கல்லின் அளவிலேயே ஏறும்: ஒரு கல் என்றால் 9 இஞ்ச், ஒன்றரைக் கல் 13, இரண்டு கல் 18. கீழே கனமாக ஆரம்பித்து மேலே போகப் போகக் குறைப்பார்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் சுவர் திடீரென்று ஓர் இஞ்ச் போல உள்வாங்குவதைப் பார்க்கலாம். அந்த விளிம்பில் வளைவாக வார்த்த கற்களை வைத்திருப்பார்கள், வழியும் மழைநீர் அஸ்திவாரத்தை ஒட்டாமல் தள்ளி விழுவதற்காக. மாடித் தளம் வரும் உயரத்தில் வெளியே நாலைந்து வரி நீட்டிக்கொண்டு ஒரு பட்டையாக ஓடும். உள்ளே தளம் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்.

தளத்தின் மர உத்திரங்கள் சுவரில் விட்ட பொந்துகளில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த வீடுகளின் பலவீனமான இடம் அதுதான். சுவரில் ஈரம் ஏறினால் முதலில் இற்றுப்போவது பொந்துக்குள் இருக்கும் உத்திரத்தின் முனை, வெளியே எதுவும் தெரியாது. சில பழைய சுவர்களில் நட்சத்திரம் மாதிரியோ எஸ் எழுத்து மாதிரியோ இரும்பு வில்லைகள் பதிந்திருக்கும். பார்க்க நகை மாதிரி இருந்தாலும் அவை கம்பியின் தலைகள். வெளியே சாயப் பார்க்கும் சுவரை உள்ளே இருக்கும் உத்திரத்தோடோ எதிர்ச் சுவரோடோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே

இந்த வகை வீடுகளில் பழையவற்றில் நடைபாதை, வராந்தா எதுவும் இருக்காது. வாசல் கதவைத் திறந்தால் நேரே பெரிய அறை. சமையல், சாப்பாடு, நூற்பு, கணக்கு வழக்கு எல்லாம் அங்கேதான். பக்கத்தில் சிறிய அறை. நல்ல கட்டில், நல்ல பாத்திரம், விருந்தாளிகள் அங்கே. 1700-களின் நடுப்பகுதி வாக்கில்தான், வசதியான பண்ணைக்காரர்கள் நடுவே ஒரு நடை விட்டு, இருபுறமும் அறை வைக்கத் தொடங்கினார்கள். வந்தவன் நேரே அடுப்படியில் வந்து நிற்கும் காலம் அதோடு போயிற்று.

கணப்பும் புகைபோக்கியும் கோடிச் சுவரில். புகைபோக்கி என்பது டன் கணக்கில் செங்கல். அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டினால் சுவருக்கும் பலம், புகைபோக்கிக்கும் பலம். குளிர் அதிகமான பகுதிகளில் அதை வீட்டுக்கு உள்பக்கமாகவே வைத்துக்கொண்டார்கள், சூடேறிய செங்கல் இரவு முழுக்கச் சூடு விடும் என்பதால். வெக்கை மிகுந்த வர்ஜீனியா போன்ற தெற்கத்திப் பகுதிகளில் அதே புகைபோக்கி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. மாடிப்படி கணப்பின் பக்கத்துச் சந்தில் சுழன்று ஏறும், அதற்கும் ஒரு கதவு உண்டு, சூடு மேலே போய்விடாமல் இருக்க. அடியில் நிலவறை: ஆப்பிள், பால், உப்புக்கண்டம். கணப்பின் பாரம் முழுக்க அங்கே ஒரு செங்கல் வளைவின் மேல் உட்கார்ந்திருக்கும்.

நிக்கல்சன் வீட்டுக்கு மதிப்பு கூடியது இந்த உட்புறத்தால்தான். 1859-ல் குடும்பம் பெருகியதோ வசதி பெருகியதோ, ஒட்டினாற்போல் ஒரு பெரிய புதுப் பகுதி கட்டினார்கள். அன்றாட வாழ்க்கை அங்கே நகர்ந்துவிட்டதால் 1722-ன் பழைய பகுதியை யாரும் இடித்துத் திருத்தவில்லை. 2000-ல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பழைய வீடு பிழைப்பதற்குப் பெரும்பாலும் அக்கறையை விட அலட்சியமே காரணமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

பின்னால் வந்தவை

1800-களில் குடியேறிகள் மேற்கே நகர்ந்தபோது இந்தக் கட்டுமுறையும் கூடவே போனது. ஒரு அறை ஆழம், இரண்டு அறை அகலம், இரண்டு மாடி என்று மெலிந்து உயர்ந்த பண்ணை வீடு நடு அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஃப்ரெட் நிஃபன் என்ற புவியியலாளர் 1936-ல் அதற்கு ஐ-ஹவுஸ் என்று பெயர் வைத்தார். இண்டியானா, இல்லினாய், அயோவா என்று ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் தொடங்கும் மாநிலங்களில் அது அதிகம். இயந்திரத்தில் அழுத்திய செங்கல் வந்த பின் கல்லெல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. சுவர் வழித்துவிட்ட மாதிரி ஆனது, வேலைப்பாடும் நின்றது. பென்சில்வேனியாவில் மட்டும் கொத்தனார்கள் கைவரிசையை வீட்டிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றினார்கள்: வைக்கோல் புழுங்காமல் இருக்கச் சுவரில் காற்றுவழி விட வேண்டுமே, அந்த ஓட்டைகளையே கதிர்க்கட்டு, வைரம் என்று உருவமாக அமைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பெரிய மாற்றம். மரச்சட்டத்தில் வீட்டைக் கட்டிவிட்டு வெளியே ஒற்றைத் தட்டுச் செங்கல்லை ஒட்டவைத்தார்கள். இன்று அமெரிக்காவில் நீங்கள் பார்க்கும் செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். கண்டுபிடிப்பது சுலபம்: சிறு முகமே இல்லாமல், எல்லா வரியும் நீள முகமாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். சில 1800-களின் வீடுகளில் குறுக்குக் கல்லை உள்ளே மறைத்துக் கட்டியதும் உண்டு, அதனால் ஜன்னலோரத்தில் சுவரின் கனத்தையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சிமென்ட் செய்யும் கேடு

கடைசியாகச் சாந்து. பழைய வீட்டைக் கெடுப்பதில் மழைக்கும் பனிக்கும் அடுத்த இடம் நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்டுக்குத்தான்.

1700-களின் கலவை சுண்ணாம்பும் மணலும். கடலோரத்தில் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், நம் பக்கம் கிளிஞ்சல் சுட்ட மாதிரியே. இந்தச் சாந்து கல்லை விட மென்மையானது, அது குறையல்ல. வீடு கொஞ்சம் அமர்ந்தால் விரிசல் சாந்தில் விழும், கல் தப்பிக்கும். மழையில் சுவர் குடித்த ஈரம் சாந்து வழியே ஆவியாகி வெளியேறும். சில தலைமுறைக்கு ஒரு முறை சாந்து தேயும். பழசைச் சுரண்டிவிட்டு, கற்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் புதுச் சாந்தை அடைத்தால் (பாயிண்டிங்) போதும். அடிபட வேண்டியது சாந்து, கல் அல்ல.

போர்ட்லேண்ட் சிமென்டுக்கு அமெரிக்காவில் முதன்முதலாகக் காப்புரிமை வாங்கியவர் பென்சில்வேனியாவின் டேவிட் சேலர், 1871-ல். சிமென்ட் மலிவான பிறகு பழைய இடுக்குகளில் அதையே அப்பத் தொடங்கினார்கள். சிமென்ட் கல்லை விடக் கடினம், ஈரத்தையும் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகும்போது உப்பை அங்கே விட்டுப் போகும். குளிர்காலத்தில் உறைந்து விரியும். கையால் அச்சடித்துச் சுட்ட கல்லுக்கு வெளித்தோல்தான் கடினம், உள்ளே மென்மை. தோல் ஒரு முறை உரிந்துவிட்டால் பிறகு கல் பொடிப்பொடியாக உதிரும். இப்படிக் கெட்ட சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால் செங்கல் இருந்த இடமெல்லாம் குழி, நடுவில் சாம்பல் நிறச் சிமென்ட் கோடுகள் மட்டும் தேன்கூட்டுச் சட்டம் போல் துருத்திக்கொண்டிருக்கும்.

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. புதுக் கலவை பழைய கலவையை விடவும், கல்லை விடவும் கடினமாக இருக்கக் கூடாது. மணலின் நிறமும் பருமனும் பழசோடு ஒத்துப்போக வேண்டும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தை எடுக்க வேண்டும். அரை இஞ்ச் இடுக்கு என்றால் ஓர் இஞ்சுக்குக் குறையாமல். அதையும் உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுப்பதே உத்தமம். அவசரத்துக்கு கிரைண்டர் வைத்தால் அது சாந்தோடு நிற்காது. மேலும் கீழும் இருக்கும் கல்லின் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிடும்.